வட்டத்துக்குள் பதினாலு பேர்

மனைவியிடம் கத்தித் தீர்த்துவிட்டு மேசை போனை ‘டங்’ என்று வைத்த பிறகுதான் சூப்பர்வைசர் அந்த ரப்பர் பேண்டைப் பார்த்தார்.

கம்பெனி கைபேசியின் பக்கவாட்டில் இருக்கும் ஆரஞ்சுப் பொத்தானை அது இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் மாட்டியது அவர். கழற்ற மறந்ததும் அவர். வேறு யார் தலையிலாவது பழியைக் கட்ட முடியுமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் அவரையும் மின்விசிறியையும் தவிர யாரும் இல்லை.

கைபேசித் திரையில் இரண்டு வரி மின்னிக்கொண்டிருந்தது. ‘ஏரியா கால் நடக்கிறது. கேட்பவர்கள்: 14.’

கோடவுனில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் மொத்தமே பதினாலு பேர்தான்.

அவர் ரப்பர் பேண்டைப் பிய்த்து எறிந்தார். அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவர் காதிலேயே அடித்தது.

ஏரியா கால் என்பது ஆறு மாதத்துக்கு முன்னால் வந்த ஏற்பாடு. போன் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, கோடவுன் படத்தின் மேல் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். பொத்தானை அமுக்கினால் போதும், அந்த வட்டத்துக்குள் இருக்கும் கம்பெனி போன் அத்தனையும் தாமாகவே எடுத்துக்கொண்டு, அமுக்கியவர் குரலை உரக்க ஒலிபரப்பும். வட்டத்தை விட்டு வெளியே போன போனுக்குக் கேட்காது. உள்ளே இருந்துகொண்டு எடுக்காமல் தப்பிக்க முடியாது. எடுக்காமல் தப்பிக்க முடியாத போன்! சூப்பர்வைசர் இந்த ஒன்றுக்காகத்தான் வாழ்நாளெல்லாம் காத்திருந்த மாதிரி பூரித்துப் போனார். டீ குடிக்கிற சாக்கில் யாரும் நழுவிவிடக் கூடாது என்று, பின் கேட்டை ஒட்டிய டீக்கடையையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னது அவருடைய யோசனைதான்.

ஒரே ஒரு குறை. பேசி முடிகிற வரை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய திட்டுகள் நீளமானவை. கட்டைவிரல் வீங்கிப் போனது. அதற்காகத்தான் ரப்பர் பேண்ட்.

ஏரியா கால் வந்ததிலிருந்து அவர் கண்ணாடி அறையை விட்டு இறங்குவதே இல்லை. முட்டி வலி வேறு. உட்கார்ந்த இடத்திலிருந்து திட்டுவார்; கொஞ்ச நேரத்தில் கீழே வேலை நடந்துவிடும். பதில் பேச அவர்கள் போனிலும் பொத்தான் உண்டு. இதுவரை ஒருத்தரும் அமுக்கியதில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம் என்று அவர் நினைத்துக்கொண்டார். திட்டி முடித்ததும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழே இருந்து கையை வேறு ஆட்டுவார்கள். நடுங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே கையாட்டுவார்களா என்று அவர் யோசித்ததில்லை. கோபக்காரருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

அவருக்கு எரிச்சல் தருகிற ஆள் ஒருவர்தான். டீக்காரர். ஒவ்வொரு ஏரியா காலும் முடிந்த கையோடு, மூக்கில் வியர்த்தாற்போல, கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கோடவுனுக்குள் ஒரு சுற்று வந்துவிடுவார்.

இப்போதும் கீழே கெட்டில் போய்க்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் அதைக் கவனிக்கவில்லை. சற்று முன் தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் திரும்ப ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

மனைவி கூப்பிட்டது இதற்குத்தான்.

“ஏங்க, என் தம்பி இன்னைக்கு சாயங்காலம் சாப்பிட வரட்டும். நீங்களே ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிடுங்க.”

“நானா? அவனையா?”

“பின்ன? ஆறு மாசமா நம்ம வாசல் பக்கமே வரலை அவன். இன்னைக்கும் வரலைன்னா நான் பெட்டியைக் கட்டிட்டு அவன் வீட்டுக்குப் போறேன். நீங்களும் உங்க ஆரஞ்சுப் பொத்தானும் நல்லாக் குடும்பம் நடத்துங்க.”

அந்தத் தம்பியும் இதே கோடவுனில்தான் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். ஏரியா கால் வந்த முதல் வாரத்தில், வண்டியை ஒன்பதாம் கதவு ஷட்டரில் கொண்டுபோய் இடித்துவிட்டான். சூப்பர்வைசர் புதுப் பொத்தானை அமுக்கி, பதினாலு பேர் காதிலும் விழ, மச்சான் என்றும் பார்க்காமல் கிழி கிழி என்று கிழித்தார். அன்றோடு ‘அத்தான்’ போய் ‘சார்’ வந்தது. வீட்டில் அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டு மேசையில் வந்து உட்காரும் சத்தத்திலேயே தன் நிலைமை அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே கூப்பிடச் சம்மதித்திருக்க வேண்டும். மனிதர் என்ன செய்தார்?

“கூப்பிடறேன், கூப்பிடறேன், மேளதாளத்தோட கூப்பிடறேன்! வண்டியை ஓட்டச் சொன்னா சுவத்துல முட்டறவன் உன் தம்பி! மூளை இருக்க வேண்டிய இடத்துல பஞ்சரான டயர்தான் இருக்கு அவனுக்கு. நான் வேலை போட்டுக் கொடுக்கலைன்னா தெருத்தெருவா நின்னுருப்பான். ரோஷம் வேற! வந்தா ஒரு தட்டைப் போடு, தின்னுட்டுப் போகட்டும். நான் அவன் மூஞ்சியைக் கூடப் பார்க்க மாட்டேன்!”

“நல்லவேளை, இது அவன் காதுல விழலை,” என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

விழவில்லையா! பதினாலு காதில்... இல்லை, ஆளுக்கு இரண்டு, இருபத்தெட்டுக் காதில் விழுந்திருக்கிறது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ஆறு மாதத்தில் முதல் முறை. கீழே வந்ததும் லோடு மேஸ்திரி கண்ணில் பட்டார்.

“மேஸ்திரி, கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஏரியா கால் போட்டேனே, கேட்டுச்சா?”

மேஸ்திரியின் கை சட்டைப் பையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கீழே இறங்கியது. “கேக்காம என்ன சார்! நல்லாக் கேட்டுச்சு.”

“எல்லாமேவா?”

“ஒரு வார்த்தை விடாம சார்.”

“உன் போன்ல மட்டுமா, இல்ல...”

“எல்லாருக்குந்தான் சார். எங்க போனெல்லாம் எப்பவும் பக்கத்துலயேதான் இருக்கும். கீழ வைக்கவே மாட்டோம் சார்.” மேஸ்திரி தேவைக்கு மேலேயே அழுத்திச் சொன்னார். “மனசுல இருந்ததைக் கொட்டிட்டீங்க. அதைக் கேட்டு நம்ம பெட்டி ஒட்டற அக்காவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

“சார், எங்க வீட்டுக்காரரும் என் தம்பியைப் பத்தி ஒரு நாளாவது இப்படிப் பேசினா எவ்வளவு நல்லா இருக்கும்!”

சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டலா? கிண்டல் செய்கிற முகமாகத் தெரியவில்லை. தம்பி மேல் அவளுக்கு அப்படி என்ன பகையோ.

“அவன் எங்க?”

“ஒன்பதாம் கதவுல சார். அவனும் கேட்டான். பாவம், அப்படியே வண்டியை நிறுத்திட்டு உட்கார்ந்துட்டான்.”

நேரே ஒன்பதாம் கதவுக்குப் போய் ‘தப்பாப் பேசிட்டேன்டா’ என்று சொல்லியிருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் நேரில் சொல்வதற்கு முதுகு வளைய வேண்டும். பொத்தானை அமுக்க விரல் வளைந்தால் போதும். அவர் மறுபடி மாடியேறினார்.

போன் கம்பெனி உதவி எண்ணில் ஒரு பெண் பேசினாள்.

“காலையில ஒரு ஏரியா கால் தெரியாம போயிடுச்சும்மா. அதை அழிக்கணும்.”

“போன காலை எப்படி சார் அழிக்கறது? கேட்டவங்க கேட்டதுதான்.”

“கேட்டது யார் யார்னு பெயராவது சொல்லு.”

“யார் கையில இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது சார். வட்டத்துக்குள்ள போன் இருந்துச்சா இல்லையா, அதுதான் தெரியும். பதினாலு போன் இருந்துச்சு.”

“போன் இருந்தா ஆள் இருக்க மாட்டானா? என்னம்மா பேசற!” அவர் மேசையைத் தட்டினார். “சரி, இப்ப இன்னொரு கால் போடப் போறேன். காலையில கேட்டவங்க ஒருத்தர் கூட விடாம இதையும் கேக்கணும். எவனாவது வட்டத்துக்கு வெளிய போயிருந்தா? அதனால வட்டத்தைப் பெருசாக்கு.”

“எவ்வளவு பெருசா சார்?”

“எவ்வளவு முடியுமோ அவ்வளவு!”

“அது வேண்டாம் சார், தேவையில்லாத...”

“சொன்னதைச் செய்ம்மா!”

அவள் செய்தாள். கோபக்காரர்கள் சொன்னதை அப்படியே செய்வதைப் போல ஒரு பழிவாங்கல் கிடையாது.

சூப்பர்வைசர் ரப்பர் பேண்டைத் தேடி எடுத்து மாட்டினார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த வாய்க்கு அதில் பழக்கமில்லை. வேறொன்று வந்தது.

“எல்லாரும் கேளுங்க! காலையில நான் பேசினது என் மச்சானைப் பத்தி இல்லை. அது... எங்க வீட்டு நாயைப் பத்தி! நாயைத்தான் வேலைக்கு ஆகாதுன்னு சொன்னேன். அதுக்குத்தான் தட்டைப் போடச் சொன்னேன். வண்டி ஓட்டறதும்... அதுவும் நாய்தான்! இனிமே யாரும் இதைப் பத்திப் பேசக் கூடாது!”

ரப்பர் பேண்டைக் கழற்றினார். திரையைப் பார்த்தார். ‘கேட்டவர்கள்: 15.’

பதினாலு சரி. அந்தப் பதினைந்தாவது யார்?

மேசை போன் அடித்தது. சாலைக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில் இருக்கும் பெரிய மேனேஜர். அவரிடமும் ஒரு கம்பெனி போன் உண்டு. வட்டத்துக்கு வெளியே இருந்ததால் ஆறு மாதமாகச் சமர்த்தாக இருந்த போன்.

“சூப்பர்வைசர், நான் மீட்டிங்ல இருந்தேன். பத்து பேர் நடுவுல என் போன் தானா எடுத்துக் கத்துது. நம்ம கோடவுன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறது யாரு?”

“சார், அது வந்து...”

“நாயா?”

“இல்லை சார், நாய் வீட்ல சார்.”

“வீட்ல ஃபோர்க்லிஃப்ட் வச்சிருக்கீங்களா?”

“இல்லை சார், நாயே இல்லை சார்!”

ஒரு பெருமூச்சு கேட்டது. “நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க. நாய் இருந்தா கூட்டிட்டு வாங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவருகே கெட்டிலோடு டீக்காரர். உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“சார், வீட்ல நாய் எப்ப வாங்கினீங்க?”

“யோவ்! உனக்கு எப்படிய்யா தெரியும்?”

“காதுல விழுந்துச்சு சார்.”

“எல்லார் காதுலயும் விழணும், உன் காதுலயுமா விழணும்? எப்பப் பாரு கெட்டிலைத் தூக்கிட்டு ஊர்வலம்! நாளையிலிருந்து நீ கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது.”

“நான் வரலைன்னா இங்க வேலை நடக்காது சார்.”

“டீ இல்லாம வேலை நடக்காதா? போய்யா வெளிய!”

டீக்காரர் கெட்டிலை மாற்றிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இனி வேறு வழி இல்லை. சூப்பர்வைசர் மறுபடி படியிறங்கி ஒன்பதாம் கதவுக்கு நடந்தார். ஷட்டரில் பழைய பள்ளம் அப்படியே இருந்தது. அதன் கீழே மச்சான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் துணியைக் கீழே போட்டான்.

“அத்தான்,” என்றான்.

ஆறு மாதமாகக் காணாமல் போயிருந்த அந்த ‘அத்தான்’, இப்படி ஒரு நாளில், இப்படி ஒரு காரியத்துக்குப் பிறகு! சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. குத்திக் காட்டுகிறான்.

“இதோ பாரு, காலையில சொன்னதை மனசுல வச்சுக்காதே.”

“மனசுலதான் வச்சிருக்கேன் அத்தான். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“அது ஏதோ வாய்தவறி...”

“இல்லை அத்தான், அது உள்ளேயிருந்து வந்தது. எனக்குத் தெரியும்.” அவன் குரல் தழுதழுத்தது. “அதுவும் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க பாருங்க, அதுதான்...”

சூப்பர்வைசருக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆனால் கண் முன்னால் கட்டிய பெட்டியோடு மனைவி நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டார்.

“இப்ப என்னதான் செய்யணுங்கற?”

“நீங்க அவ்வளவு சொன்ன பிறகு நான் சும்மா இருந்தா மனுஷனே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரேன் அத்தான். அக்கா முன்னாடியே பேசித் தீர்த்துக்குவோம். வரும்போது கையில ஒண்ணு கொண்டு வரேன். உங்களுக்குன்னே.”

“என்னது?”

“வந்ததும் தெரியும்.” அவன் அவருடைய முட்டியையே ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினான்.

முட்டியை எதற்குப் பார்த்தான்? சூப்பர்வைசர் படியேறும்போது இரண்டு முட்டியும் சேர்ந்து வலித்தன.

மேலே மேசை போன் அடித்துக்கொண்டிருந்தது. மனைவி.

“ஏங்க! தம்பி இப்பதான் கூப்பிட்டான். போன்ல தேம்பித் தேம்பி அழறான். அப்படி என்ன சொன்னீங்க அவன்கிட்ட? அவன் எதுவும் சொல்ல மாட்டேங்கறான், ‘அத்தான் சொல்லிட்டாரு, அத்தான் சொல்லிட்டாரு’ங்கறான்!”

அவர் மேசை போனின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். வாழ்க்கையில் அவர் கத்தாமல் முடித்த முதல் சண்டை அதுதான்.

வேலை முடியும் நேரம். கண்ணாடி வழியாகப் பார்த்தார். முன் கேட்டில் மச்சான் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் இரண்டு முழ நீளத்துக்கு ஏதோ ஒன்று, செய்தித்தாளில் சுற்றியிருந்தது. ஒரு முனை தடிமனாக, வளைந்து தெரிந்தது. அதை அவன் உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றி மேஸ்திரியும் மற்றவர்களும். பெட்டி ஒட்டுகிற அக்கா அதைத் தொட்டுப் பார்த்து, ‘நல்ல கனம்’ என்பதுபோலத் தலையாட்டினாள்.

சூப்பர்வைசர் பின்பக்கப் படி வழியாக இறங்கினார். அங்கே போக்கிடம் ஒன்றுதான் இருந்தது: பின் கேட் டீக்கடை.

“என்ன சார், இந்தப் பக்கம்?” என்றார் டீக்காரர்.

“உன் கடைக்கு வர உன்கிட்டயே அனுமதி வாங்கணுமா?” என்று சீறிவிட்டு, பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். சீறலில் காற்று இல்லை. அது அவருக்கே கேட்டது.

டீக்காரர் டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மதியம் தன்னைத் துரத்தியவருக்குப் பாலாடையை எடுத்துவிட்டு, சர்க்கரை கூடப் போட்டு.

அந்தச் சர்க்கரை என்ன செய்ததோ. சூப்பர்வைசர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் பெட்டி கட்டப்படும். கேட்டில் தடி காத்திருக்கிறது. நாளைக் காலையில் இல்லாத நாயோடு மேனேஜர் அறை. அத்தனைக்கும் காரணம் ஒரு ரப்பர் பேண்ட் என்று சொல்லிப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று, ‘ரப்பர் பேண்டா பேசுச்சு?’ என்று கேட்டது.

கைபேசியை எடுத்தார். ரப்பர் பேண்டை மாட்டவில்லை. வீங்கின கட்டைவிரலாலேயே பொத்தானை அமுக்கினார்.

“மச்சான்,” என்றார்.

காலடியிலிருந்து யாரோ, “மச்சான்,” என்றார்கள்.

அவர் காதில் வாங்கவில்லை. “நான்தான் பேசறேன். நாயெல்லாம் ஒண்ணும் இல்லை. காலையில பேசினது உன்னைப் பத்திதான். வாயும் என்னோடது, தப்பும் என்னோடது. அந்த ஷட்டர் விஷயமும் அப்படித்தான். நீ கையில என்ன வேணா கொண்டு வா, ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுடா...”

“வந்துடுடா... டுடா... டுடா... டா...”

இந்த முறை கேட்டது. டீ மேசைக்கு அடியிலிருந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு, ஒரு கூட்டமே அவருடைய குரலில் பேசியது. பொத்தானை விட்டார். கூட்டம் நின்றது. அமுக்கி, “ஹலோ” என்றார். கூட்டமும் “ஹலோ” என்றது.

குனிந்தார். கீழே ஒரு பெரிய பிஸ்கட் டின். மூடியைத் திறந்தார். பதினாலு கம்பெனி போன்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, சார்ஜர் ஒயர் சகிதம் படுத்திருந்தன.

அதில் ஒன்றை எடுத்து டீக்காரரிடம் நீட்டினார். கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல் கேட்டார்.

“யோவ், இன்னைக்குப் பூரா யாருமே எனக்கு நேரா ஒரு பதில் சொல்லலை. நீயாவது சொல்லு. இது என்ன?”

டீக்காரர் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நேராவே சொல்றேன் சார். ஷட்டரை இடிச்ச அன்னைக்கு உங்க மச்சானை எல்லார் காதுலயும் விழற மாதிரி வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களே, அதுக்கு மறுநாள் எல்லாரும் போனை இங்க கொண்டுவந்து போட்டுட்டாங்க. வட்டத்துக்குள்ள இருந்தாப் போதும்ல? நீங்க திட்டினா டின்தான் திட்டு வாங்கும். அதுல வேலை விஷயம் என்னமோ அதை மட்டும் பொறுக்கி எடுத்து, கெட்டிலோட போய், நீங்களே நல்ல வார்த்தையில சொன்ன மாதிரி நான் சொல்லிட்டு வருவேன்.”

“அப்ப... காலையில நான் பேசினது?”

“என்னைத் தவிர யாருக்கும் தெரியாது சார்.”

“பின்ன அவன் எதுக்கு அழுதான்? எல்லாரும் கேட்டோம் கேட்டோம்னாங்களே! அந்தத் தடி?”

“கேக்கலைன்னு சொன்னா போன் எங்கன்னு கேப்பீங்கள்ல? தடி இல்லை சார், கைத்தடி. உங்க முட்டிக்கு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போய் வாங்கிட்டு வந்தான். ‘மச்சான் இல்லாம எனக்கு வீடு வீடா இல்லை, இன்னைக்கு அவசியம் சாப்பிட வரச் சொல்லு, எல்லார் முன்னாடியும் கூப்பிடறேன்’னு நீங்க சொன்னதா நான்தான் போய்ச் சொன்னேன். வேற எப்படிச் சார் அந்தப் பேச்சை ஒரு மனுஷன்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கறது?”

முன் கேட்டிலிருந்து, “அத்தான்! எங்க இருக்கீங்க?” என்று மச்சான் கூப்பிடும் சத்தம் கேட்டது.

சூப்பர்வைசர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை. டீக்காரர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, டின்னை மூடி, காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

“ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் சார். கேட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லிடாதீங்க. இந்த ஆறு மாசத்துல நீங்க திருந்திட்டீங்கன்னு அங்க எல்லாரும் நம்பிட்டு இருக்காங்க. திருந்தலைன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.”